செயின் எவ்வளவு விட்டிருக்கீங்க?



போன எபிசோட்ல ஜியோஃபென்ஸ் பற்றிப் பேசும்போது, "போன்ல ஒரு வட்டம் போட்டு, அதை நம்பித் தூங்கி, மாட்டிக்கிட்ட கதை ஒண்ணு இருக்கு, நியூஸ்லெட்டர்ல எழுதறேன்"னு சொல்லிட்டுப் போயிட்டேன். மூணு பேர் மெயில் போட்டு ஞாபகப்படுத்திட்டீங்க. இதோ.

என் ஃப்ரெண்ட் ஒருத்தன். ஃப்ரீமாண்ட்ல பிறந்து வளர்ந்தவன், உங்களைப் போல. என்னை விட எட்டு வயசு சின்னவன், அண்ணான்னுதான் கூப்பிடுவான். 27 அடி நீளத்துல பழைய பாய்மரப் படகு ஒண்ணை, ஒரு நல்ல மேக்புக் விலைக்கு வாங்கினான். (பே ஏரியாவுல பழைய படகு மலிவு. அதை நிறுத்தற இடம்தான் விலை. இதைப் பிறகு சொல்றேன்.) இரண்டு பேரும் ஒரு கோடைக்கால சனிக்கிழமை சான் பிரான்சிஸ்கோ பக்கமிருந்து கிளம்பி, சாசலிட்டோவுக்கு எதிரே ரிச்சர்ட்சன் பேயில் நங்கூரம் போட்டு ஒரு ராத்திரி தங்கலாம்னு போனோம். அங்கே வந்துபோறவங்க 72 மணி நேரம் வரை நிற்கலாம். எங்களுக்கு ஒரு ராத்திரி போதும்.

சாயங்காலம் ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். மேற்கே மலையில இருந்து காத்து இறங்கி அடிச்சுக்கிட்டிருந்தது. எல்லாப் படகும் மேற்கு பார்த்து, கோயில் வாசல்ல கழட்டி வெச்ச செருப்பு மாதிரி இல்லாம, ஒரே ஒழுங்கா நின்னுது. எங்களுக்கு வடக்கே ஒரு பழைய மோட்டார் படகு. அதிலிருந்து சுமார் 110 அடி தள்ளி நங்கூரத்தை இறக்கினோம். 120 அடி கயிறு விட்டோம். எஞ்சினை ரிவர்ஸ்ல போட்டு இழுத்துப் பார்த்தோம். நங்கூரம் நல்லா பிடிச்சிருந்தது. நங்கூரம் விழுந்த இடத்தை மையமா வெச்சு ஃபோன் ஆப்ல 150 அடி ஆரத்துக்கு ஒரு வட்டம் போட்டோம். வட்டத்தைத் தாண்டினா அலாரம் கத்தும். அம்மா கட்டிக் கொடுத்த புளியோதரையைச் சாப்பிட்டுட்டுப் படுத்தாச்சு.

மூணு மணி இருக்கும். யாரோ எங்க படகைத் தட்டற சத்தம். வெளியே வந்து பார்த்தா, பக்கத்து மோட்டார் படகு கை நீட்டினா தொடற தூரத்துல நிக்குது. அதுல ஒரு வயசானவர், ஒரு கையில டார்ச், இன்னொரு கையில தேய்ஞ்சுபோன ஃபெண்டர். இரண்டு படகுக்கும் நடுவுல அதைத் தொங்கவிட்டுப் பிடிச்சுக்கிட்டிருக்கார். எவ்வளவு நேரமா அப்படி நின்னாரோ.

என் ஃப்ரெண்ட் முதல்ல ஃபோனைத்தான் பார்த்தான். "அண்ணா, அலாரம் அடிக்கவே இல்ல. வி ஆர் ஃபைன்!"

அலாரம் அடிக்காதது சரிதான். ஆப்ல தப்பே இல்லை. எங்க நங்கூரம் ஒரு அடி கூட நகரலை. நாங்க எங்க வட்டத்துக்குள்ளேதான் இருந்தோம். அந்த வட்டத்துக்குள்ளே இன்னொருத்தர் வீடு இருக்குங்கறது ஆப்புக்குத் தெரியாது. நாங்களும் அதுக்குச் சொல்லலை, ஏன்னா எங்களுக்கே அது உறைக்கலை.

அவர் திட்டலை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: எவ்வளவு கயிறு விட்டிருக்கீங்க? 120 அடின்னோம். அவர் தலையை ஆட்டிட்டு, தன்னோடது 25 அடி செயின்தான், கீழே பழைய எஞ்சின் பிளாக்ல கட்டியிருக்குன்னார். அதுக்கு மேல விளக்கம் தேவைப்படலை. யார் நகரணுங்கறதையும் அவர் சொல்லலை. கடைசியா வந்தது நாங்க.

மூணே கால் மணிக்கு எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, சுத்தி இருக்கிற எல்லாரையும் எழுப்பி, நங்கூரத்தைத் தூக்கி, தெற்கே காலியா இருந்த இடத்துக்கு நகர்ந்தோம். அந்த ராத்திரி பிறகு யார் தூங்கினது.

என்ன நடந்ததுன்னு மறுநாள் ஒரு பேப்பர்ல வரைஞ்சு பார்த்தேன். சிஎஸ் படிச்சவனுக்கு வெட்கமா இருக்கிற அளவுக்கு எளிய கணக்கு.

நங்கூரம் எடையால மட்டும் படகைப் பிடிச்சு நிறுத்தறதில்லை. அது சேத்துக்குள்ள கொக்கி மாதிரி புதையணும். அதுக்கு இழுவை கிடைமட்டமா இருக்கணும். மேல் நோக்கி இழுத்தா பிடுங்கிக்கும். அதனாலதான் ஆழத்தைப் போல பல மடங்கு நீளத்துக்குக் கயிறு விடறாங்க. முழுக்கச் செயின்னா குறைஞ்சது ஐந்து மடங்கு, கயிறுன்னா ஏழு மடங்குன்னு பொதுவா சொல்வாங்க. ஆழம்னு எதைக் கணக்குல எடுக்கறதுன்னுதான் புதுசா வர்றவங்க கோட்டை விடற இடம். கடல் வத்தியிருக்கும்போது 7 அடி தண்ணி. அது ஏறும்போது இங்கே சுமார் 6 அடி கூடும். தண்ணிக்கு மேலே படகின் அணியம், அதாவது மூக்கு, இன்னும் 4 அடி உயரத்துல இருக்கு. ஆக மொத்தம் 17. ஏழு மடங்குன்னா 119 அடி. நாங்க விட்டது 120. அதுவரைக்கும் பாஸ் மார்க்.

ஆனா அந்த 120 அடி எங்களுக்குப் பாதுகாப்பு, பக்கத்துல இருக்கிறவருக்கு ஆபத்து. கயிறு நீண்டு நிக்கும்போது படகு நங்கூரத்தில இருந்து கிட்டத்தட்ட 119 அடி தள்ளி நிக்கும். அதோட படகின் நீளம் 27 அடி. எங்க படகின் பின்பக்கம் 146 அடி ஆரத்துல ஒரு வட்டம் போடும். அவர் படகு அந்த வட்டத்துக்கு உள்ளே.

சாயங்காலம் ஏன் தெரியலை? ஏன்னா காத்து மேற்கிலிருந்து அடிச்சப்ப, எல்லாரும் அவங்கவங்க நங்கூரத்துக்குக் கிழக்கே நின்னோம். அவர் வடக்கே, நாங்க தெற்கே. நடுவுல நிறைய இடம் இருக்கிற மாதிரிதான் தெரிஞ்சுது. நடுராத்திரி காத்து செத்துப்போச்சு. கடல் ஏற ஆரம்பிச்சுது. தண்ணி தெற்கிலிருந்து வடக்கே உள்ளே வந்தது. எங்க படகுக்குக் கீழே ஆழமான கீல் இருக்கு. அது காத்தை விட்டுட்டு நீரோட்டம் சொல்றதைக் கேட்கும். நிதானமா வடக்கே திரும்பி, முழுக் கயிறையும் நீட்டிக்கிட்டு, அவர் வாசலுக்குப் போய் நின்னுது. அவரோட மோட்டார் படகுக்கு அடிப்பாகம் ஆழமில்லை, செயினும் குட்டை. அது இருந்த இடத்தை விட்டு அதிகம் நகரவே இல்லை.

நங்கூரமிட்ட படகுகளுக்கு நடுவுல எவ்வளவு இடைவெளி வேணுங்கற கேள்விக்கு ஒரே எண்ணா பதில் சொல்ல முடியாதது இதனாலதான். ஒரே மாதிரி படகுகள், ஒரே மாதிரி கயிறு நீளம்னா, எல்லாம் சேர்ந்து ஒரே பக்கம் திரும்பும். வட்டங்கள் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்தாலும் பிரச்சினை இல்லை. பரதநாட்டிய அரங்கேற்றத்துல எட்டு பிள்ளைங்க ஒரே மேடையில சுத்தற மாதிரி. ஒருத்தி மட்டும் வேற தாளத்துக்கு ஆடினாத்தான் இடிக்கும். கீல் உள்ள பாய்மரப் படகு பக்கத்துல மோட்டார் படகு, கயிறு பக்கத்துல செயின், நங்கூரம் பக்கத்துல நிரந்தர மூரிங், இதெல்லாம் வேற வேற தாளம். அங்கே ஒவ்வொருத்தர் வட்டத்துக்கும் தனித்தனியா இடம் விடணும்.

மூரிங்னா என்னன்னு கேட்கறவங்களுக்கு: கடலடியில கனமான எடையோ, காளான் வடிவ இரும்போ, திருகாணி மாதிரி இறக்கின தண்டோ நிரந்தரமா இருக்கும். அதிலிருந்து குட்டையான செயின், மேலே ஒரு மிதவை. படகு அதுல கட்டிக்கும். இழுவைக் கோணம் பற்றிக் கவலை இல்லாததால நீளம் குறைவு, வட்டமும் சின்னது. ஒரே குடாவுல அதிகப் படகுகளை அடுக்கத்தான் மூரிங் ஃபீல்டு. நியூ ஜெர்சி ஆளுங்க அட்லாண்டிக் ஹைலண்ட்ஸ் பக்கம் போனா, அலைத்தடுப்புச் சுவருக்கு உள்ளே வரிசையா மிதவைகளைப் பார்க்கலாம். (டெக்சாஸ் மக்கள் மன்னிக்கணும். கீமா பக்கமெல்லாம் பெரும்பாலும் மரத்தூண் நட்ட ஸ்லிப்தான், இந்தக் கதை உங்களுக்கு அவ்வளவா பொருந்தாது.) அப்படிப்பட்ட மூரிங் வரிசைக்கு நடுவுல போய் 120 அடி கயிறோட நங்கூரம் போடறவன் ஊருக்கே எதிரி. நாங்க தெரியாம செஞ்சது ஏறக்குறைய அதுதான். அவர் எஞ்சின் பிளாக்கும் கையால செஞ்ச ஒரு மூரிங்தானே.

இந்தப் பழக்கத்துக்குப் பின்னாடி சட்டமும் இருக்கு. அமெரிக்கக் கடல் வழக்குகள்ல, நகர்ந்து வர்ற கப்பல், நிக்கற கப்பலை இடிச்சா, நகர்ந்தவன் மேலதான் தப்புன்னு முதல்ல எடுத்துக்குவாங்க. தப்பில்லைன்னு அவன்தான் நிரூபிக்கணும். 1895ல சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்பு இது. கொலம்பியா ஆத்துல நங்கூரமிட்டு நின்ன ஒரு கப்பலை ஆரகான்ங்கற நீராவிக் கப்பல் மோதின வழக்கு. அதனால அதை இன்னைக்கும் ஆரகான் விதின்னுதான் சொல்றாங்க. கட்டு அறுந்து மிதந்து போய் இடிச்சாலும் கிட்டத்தட்ட அதே நியாயம். லூசியானாங்கற கப்பலோட வழக்குல, அதுக்கும் முப்பது வருஷம் முன்னாடியே சொல்லிட்டாங்க. முதல்ல நங்கூரம் போட்டவருக்கு முன்னுரிமை, அப்புறம் வர்றவர் அவருக்கு இடம் விட்டுப் போடணும்ங்கறது உலகம் முழுக்க மாலுமிகள் ஒத்துக்கிட்ட பழக்கம். அதுல ஒரு சின்னக் கடமை முதல்ல வந்தவருக்கும் இருக்கு: கிட்டே வந்து போடறவனைப் பார்த்தா, இடிக்கும்னு தோணினா, வாய் திறந்து சொல்லணும். மனசுக்குள்ள திட்டிக்கிட்டு நிக்கக்கூடாது.

அவர் ஏன் சாயங்காலமே சொல்லலைன்னு மறுநாள் காலையில கேட்டேன். மன்னிப்பு கேட்கறதுக்காக, டிகிரி இல்லைன்னாலும் டிகாக்ஷன்ல போட்ட காபியை ஃப்ளாஸ்க்ல எடுத்துக்கிட்டு, குட்டிப் படகுல துடுப்புப் போட்டுப் போயிருந்தோம். அவர் சொன்னது: இப்பல்லாம் புதுசா வர்றவங்ககிட்ட எதுவும் சொல்றதில்லை. சொன்னா, நீ இங்கே இருக்கவே கூடாதேன்னு திருப்பிக் கேட்கறாங்க.

இங்கே கதை படகு நிறுத்தற கணக்கை விட்டுக் கொஞ்சம் வெளியே போகுது. ஆனா இதுதான் அந்தக் குடாவின் உண்மையான கதை.

ரிச்சர்ட்சன் பே கோஸ்ட் மிவோக் மக்களோட கரை. இரண்டாம் உலகப்போர்ல, 1942ல, சாசலிட்டோவுல மாரின்ஷிப்னு ஒரு கப்பல் கட்டற தளம் வந்தது. மூணு வருஷத்துல 93 கப்பல் கட்டினாங்க. போர் முடிஞ்சதும் தளத்தை மூடிட்டாங்க. விட்டுப்போன மரம், இரும்பு, பழைய கலங்கள் எல்லாம் கரையில. அதை வெச்சுக் கலைஞர்கள், வேலையில்லாதவங்க, ஊரோட ஒட்டாதவங்க மிதக்கும் வீடுகள் கட்டினாங்க. ஹோல் எர்த் கேடலாக் போட்ட ஸ்டூவர்ட் பிராண்ட் அங்கேதான் மிரீன்ங்கற இழுவைப் படகுல குடித்தனம் நடத்தினார். நம்ம துறைக்காரங்க கொண்டாடற தி வெல், அந்தப் பழைய டயல்-அப் சமூகம், 1985ல தொடங்கினதும் சாசலிட்டோவுலதான். வேடிக்கை என்னன்னா, குடாவுல நங்கூரமிட்டு நிக்கற படகுகளை நிர்வகிக்க ரிச்சர்ட்சன் பே ரீஜனல் ஏஜென்சின்னு மாரின் கவுண்ட்டியும் சுத்துப்பட்டு ஊர்களும் சேர்ந்து ஒரு அமைப்பை உண்டாக்கினதும் அதே 1985. ஒரே கரையில, ஒரே வருஷம், இரண்டு பேர் ஒரே கேள்வியோட உட்கார்ந்திருக்காங்க: கதவு திறந்திருக்கிற இடத்துல, வர்றவங்க ஒருத்தர் மேல ஒருத்தர் இடிக்காம எப்படி இருக்கிறது?

நிரந்தர மிதக்கும் வீட்டுக்காரங்க மரைனாக்குள்ள, தண்ணிக் குழாய், கழிவுக் குழாய், வாடகை ரசீதோட இருக்காங்க. அந்த வீடுகள் இன்னைக்குப் பெரிய விலை. நடுக் குடாவுல வாடகை இல்லாம நங்கூரமிட்டு வாழறவங்களுக்கு ஆங்கர்-அவுட்னு பேரு. சில வருஷம் முன்னாடி அங்கே 200க்கும் மேல படகு நின்னுது. எல்லாத்துலயும் ஆள் இருந்ததுன்னு சொல்ல முடியாது. யாரோ விட்டுட்டுப் போனதும் நிறைய. எஞ்சின் வேலை செய்யாதது, பாய் கிழிஞ்சது, அடியில என்ன கட்டியிருக்குன்னே சொந்தக்காரருக்கு மறந்துபோனது.

கோடையில மேற்குக் காத்துதான், சமாளிச்சிடலாம். குளிர்காலப் புயல் தென்கிழக்கிலிருந்து வரும். குடாவின் வாய் அந்தப் பக்கம்தான் திறந்திருக்கு. அலை நேரா உள்ளே வரும். ஒரு படகு நங்கூரத்தை இழுத்துக்கிட்டு நகர ஆரம்பிச்சா, அடுத்த படகு மேல விழும், அதோட கயிறையும் பிடுங்கும், இரண்டும் சேர்ந்து மூணாவது மேல. கடைசியில பெல்வடேர், ஸ்ட்ராபெரி கரையில யாரோட தோட்டத்துக்குக் கீழேயோ குவிஞ்சு கிடக்கும். நம்ம பாஷையில கேஸ்கேடிங் ஃபெயிலியர். ஒரு சர்வர் விழுந்ததும் அதோட சுமை பக்கத்துல ஏறி அதையும் சாய்க்குமே, அது. இடைவெளிங்கறது அழகுக்கு இல்லை, ஒருத்தன் விழும்போது மத்தவனை இழுக்காம இருக்கத்தான்.

இதை எங்க மாமாகிட்ட வாட்ஸ்அப்ல சொன்னப்ப அவர் சிரிச்சார். மாமா காசிமேட்டுக்காரர். ராயபுரம் பக்கம் வந்து பாருடா, இடைவெளியாவது ஒண்ணாவதுன்னார். உங்கள்ல பல பேருக்குச் சென்னைன்னா டி.நகர், மயிலாப்பூர்தான் தெரியும். அடுத்த தடவை போகும்போது பாட்டிகிட்ட சொல்லிட்டுக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு ஒரு விடியக்காலை போங்க. அங்கே விசைப்படகுகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, பல வரிசை ஆழத்துக்கு நிக்கும். கரையில இருக்கிற படகு மேல ஏறி, அடுத்ததுக்குத் தாண்டி, அதுக்கடுத்ததுக்குத் தாண்டித்தான் உங்க படகுக்குப் போகணும். நடுவுல பழைய லாரி டயர்தான் ஃபெண்டர். கிழக்குக் கரையில மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரை 61 நாள். அப்ப எல்லாப் படகும் உள்ளே இருக்கும், எள் போட இடம் இருக்காது.

அங்கே எப்படி இடிக்காம இருக்கு? இடிக்கும். இடிக்கறதுக்குன்னே கட்டியிருக்காங்க. இரண்டு படகும் இறுக்கமாச் சேர்த்துக் கட்டினா, இரண்டும் சேர்ந்து அசையும், வேகம் எடுத்து மோத இடம் இருக்காது. தூரமா நிக்கறது ஒரு பாதுகாப்பு, ஒட்டி நிக்கறது இன்னொரு பாதுகாப்பு. நடுவுல, பாதித் தூரத்துல, தளர்ந்த கயிறோட நிக்கறதுதான் கேடு. மாமா சொன்னதுல எனக்குப் பிடிச்சது: வெளியே போகணும்னா ராத்திரியே பக்கத்துப் படகுக்காரன்கிட்ட சொல்லி வெச்சிடணும், அவன் கயிறை உன் இஷ்டத்துக்கு அவுக்கக்கூடாது, அவுத்தா திரும்பக் கட்டிட்டுத்தான் போகணும். ஆனா 2016 டிசம்பர்ல வர்தா புயல் சென்னையைக் கடந்தப்ப, இந்த ஏற்பாடும் தாங்கலை. கட்டியிருந்த படகுகளே ஒண்ணோட ஒண்ணு மோதி உடைஞ்சுது. அந்தப் பேச்சு வந்ததும் மாமா சிரிக்கறதை நிறுத்திட்டார்.

திரும்ப ரிச்சர்ட்சன் பே. அங்கே மூணாவதா ஒரு தரப்பு இருக்கு, அது பேசாது. கடலடியில ஈல்கிராஸ்னு ஒரு வகைக் கடற்புல். சான் பிரான்சிஸ்கோ குடாவுல இது பெரிசா வளர்ற இடங்கள்ல இது ஒண்ணு. குளிர்காலத்துல பசிபிக் ஹெர்ரிங் மீன் இந்தப் புல்லுல வந்துதான் முட்டையை ஒட்டி வைக்கும். அதைத் தின்ன ஆயிரக்கணக்கான நீர்ப்பறவை வரும். பக்கத்துலயே ஆடுபான் அமைப்பு பார்த்துக்கற 900 ஏக்கர் சரணாலயத்துல, அதனாலதான் அக்டோபர்லேருந்து மார்ச் வரை படகே விடறதில்லை.

இப்ப ஒரு செயின் படகோட சேர்ந்து நாள் முழுக்க, வருஷம் முழுக்கச் சுத்தினா என்ன ஆகும்? செயினின் தளர்ந்த பகுதி தரையைத் துடைப்பம் மாதிரி பெருக்கும். புல்லு வேரோட போகும். மேலேயிருந்து எடுத்த படங்கள்ல, பச்சைப் புல்வெளிக்கு நடுவுல வட்டம் வட்டமா மொட்டைத் தரை தெரியும். நான் பேப்பர்ல வரைஞ்ச அதே வட்டம்! ஒவ்வொரு படகும் எவ்வளவு செயின் விட்டிருக்குன்னு வானத்துலேருந்து அளந்துடலாம். 2019ல வந்த ஓர் ஆய்வுல அப்படித்தான் சேதத்தை அளந்தாங்க. அதே வருஷம் கலிபோர்னியா மாநில ஆடிட்டர், குடாவைக் காக்கற பொறுப்புள்ள பிசிடிசி ஆணையம் பல வருஷமா விதிகளைச் சரியா அமல்படுத்தலைன்னு அறிக்கை கொடுத்தார். 2021ல ஆணையமும் ஏஜென்சியும் ஒப்பந்தம் போட்டாங்க: புல் இருக்கிற பகுதியில நங்கூரம் கூடாது, தெற்கே ஆழமான பக்கம் தனியா ஒரு இடம், எல்லாருக்கும் கடைசிக் கெடு 2026 அக்டோபர் 15. படகுல வாழறவங்களைக் கரைக்குக் குடியேத்த மாநிலம் 30 லட்சம் டாலர் கொடுத்தது.

நான் எந்தப் பக்கம்னு நேராச் சொல்லிடறேன். புல்லு பக்கம். முதல்ல வந்தவருக்கு முன்னுரிமைன்னா, அந்தப் புல்லுதான் எல்லாருக்கும் முன்னாடி வந்தது. அதுமில்லாம, ஓடாத எஞ்சினோட, என்ன கட்டியிருக்குன்னு தெரியாத செயினோட, புயல் நாள்ல பக்கத்துல நிக்கற படகு யாருக்கும் நல்லதில்லை. ஆனா இதைச் சொல்லும்போது தொண்டையில ஏதோ நிக்குது. நான் காண்ட்ராக்டர். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ரின்யூவல் மெயில் வருமா வராதான்னு பார்த்துக்கிட்டிருக்கிறவன். மரைனாவுல இடம் கிடைக்கிற காசு இருந்திருந்தா, அந்த மனுஷர் எஞ்சின் பிளாக்ல கட்டியிருக்க மாட்டார். பல வருஷமா யாரும் இடைவெளியைச் சரியாப் பார்க்காம விட்டுட்டு, ஒரு நாள் எல்லாரையும் ஒண்ணா நகருன்னு சொல்றப்ப, நகரக்கூடிய படகு வெச்சிருக்கிறவன்தான் தப்பிக்கிறான். நாங்க மூணே கால் மணிக்கு நகர்ந்தோம். எங்களுக்கு எஞ்சின் ஓடிச்சு.

அவர் காபியைக் குடிச்சுட்டு, வீட்டுத் திட்டத்துல பேர் கொடுத்திருக்கேன்னார். படகை ஒப்படைச்சா நொறுக்கிடுவாங்க. பரவாயில்லை, கரையில தூக்கம் வருமாங்கறதுதான் பயம்னார், தரை ஆடாதே.

சரி, டெக் நியூஸ்லெட்டர்னு பேர் வெச்சுட்டு டெக் பற்றி எழுதாம விடக்கூடாது. ஆங்கர் அலாரம் ஆப்புகள் உண்மையிலேயே நல்லவை. 2000 மே 2ஆம் தேதிக்கு முன்னாடி இது சாத்தியமே இல்லை. அதுவரைக்கும் அமெரிக்க ராணுவம் சாதாரண மக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலை வேணும்னே குழப்பி வெச்சிருந்தது. 100 மீட்டர் வரை பிழை. 45 மீட்டர் வட்டத்துல நிக்கற படகுக்கு அதை வெச்சு என்ன செய்யறது? அந்தத் தேதியில குழப்பத்தை நிறுத்தினாங்க. இப்ப ஃபோன் சில மீட்டருக்குள்ள சொல்லிடும். ஆனா மூணு விஷயம் கவனிக்கணும். வட்டத்தின் மையம் நங்கூரம் விழுந்த புள்ளியா இருக்கணும், படகு இப்ப நிக்கற புள்ளியா இல்லை. நங்கூரத்தை விட்ட அந்த நொடியிலேயே பட்டனை அமுக்கணும். வட்டத்தை ரொம்ப இறுக்கினா, ராத்திரி பத்து தடவை பொய் அலாரம் அடிச்சு, பதினொண்ணாவது தடவை நீங்களே அணைச்சுடுவீங்க. ஆன்-கால் பார்த்தவங்களுக்கு இது புரியும். மூணாவது, நாங்க பட்டது: அந்த ஆப் உங்க நங்கூரத்தை மட்டும்தான் பார்க்குது. உங்க வட்டத்துக்குள்ள யார் இருக்காங்கன்னு நீங்கதான் எட்டிப் பார்க்கணும். பெரிய கப்பல்கள்ல இருக்கிற ஏஐஎஸ் கருவி தன் இடத்தை ரேடியோவுல சொல்லும்; குடாவுல நிக்கற பழைய மோட்டார் படகுல அது இருக்காது. அங்கே இருக்கிற ஒரே புரோட்டோகால், குரல் கொடுத்துக் கேட்கறது.

இப்ப நாங்க செய்யறது இதுதான். வேகத்தைக் குறைச்சு, அலை எழுப்பாம ஒரு சுத்துச் சுத்திப் பார்ப்போம். யார் என்ன வகைப் படகு, செயினா கயிறா. யாராவது வெளியே இருந்தா கேட்டுடுவோம். முன்னாடி நிக்கற படகின் பின்பக்கத்தை ஒட்டினாப்ல நங்கூரத்தை இறக்கிட்டுப் பின்னால சரிஞ்சு வருவோம். அப்ப அவர் நீளமும் நம்ம நீளமும் ஒத்துப்போகும். இருட்டினதும் மேலே வெள்ளை விளக்கு. ரிச்சர்ட்சன் பே மாதிரி விசேஷ நங்கூரப் பகுதியா அறிவிச்ச இடத்துல 20 மீட்டருக்குக் குறைஞ்ச படகுக்கு அது கட்டாயம் இல்லைதான். ஆனா மூணு மணிக்கு டார்ச்சோட நின்ன ஒரு முகத்தைப் பார்த்தப்புறம் விளக்கு போடாம இருக்க மனசு வரலை. கடைசியா, பாய் ஏத்தற கயிறை மரத்திலிருந்து தள்ளிக் கட்டிடுவோம். காத்துல அது அலுமினியக் கம்பத்துல டிங் டிங்னு ராத்திரி முழுக்க அடிக்கும். நமக்குத் தாலாட்டு, பக்கத்துப் படகுக்காரருக்குச் சித்திரவதை.

போன மாசம் ஏஞ்சல் ஐலண்டுக்குப் போனோம். 1910லேருந்து 1940 வரை நம்ம ஊர்ப்பக்க ஆளுங்களையும் நிறுத்தி வெச்சு விசாரிச்ச குடியேற்ற நிலையம் இருந்த அதே தீவு. அங்கே அயாலா கோவ்ல மாநிலப் பூங்காவின் மூரிங் மிதவைகள் இருக்கு. 1775ல ஸ்பெயின் கப்பல்ல வந்த அயாலாவின் பேரு. இடம் குறுகல், ராக்கூன் ஸ்ட்ரெய்ட்டோட நீரோட்டம் பலமானது, ஃபெர்ரி அலை வேற. அதனால அங்கே வட்டமே கிடையாது: ஒவ்வொரு படகும் முன்னாடி ஒரு மிதவை, பின்னாடி ஒரு மிதவைன்னு இரண்டுக்கும் நடுவுல கட்டணும். யாரும் சுத்த முடியாது. அணியத்தைக் கட்டி முடிச்சு, அமரத்தைக் கட்டறதுக்குள்ள நீரோட்டம் எங்களைப் பக்கத்து வரிசைக்குத் தள்ளிட்டுப் போச்சு. இரண்டாவது முயற்சியிலும் தோல்வி. பக்கத்துப் படகுல இருந்த ஒரு குடும்பம், சாண்ட்விச்சைக் கீழே வெச்சுட்டு, கயிறு போடுங்கன்னு கை நீட்டினாங்க. என் ஃப்ரெண்ட் கயிறை வீசிக்கிட்டே கத்தினான்: "ஹவ் மச் செயின் டு யூ ஹாவ் அவுட்?"

மூரிங்ல யாரும் செயின் விடறதில்லைடான்னு நான் சொல்றதுக்குள்ள அவங்க சிரிச்சுட்டாங்க.

அடுத்த ட்ரிப் செப்டம்பர்ல. படகுல இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருக்கு, லைஃப் ஜாக்கெட்டும் இருக்கு. வர்றவங்க மெயில் போடுங்க. புளியோதரை எங்க பொறுப்பு.